எண்பத்தைந்து தோல் துண்டுகள்

1

சுகமாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் எழுதப் போவதில் சுகமான சமாசாரம் அதிகம் இல்லை.

நான் ஆம்பூரை விட்டுக் கப்பலேறி இந்த வருஷத்தோடு இருபது வருஷம் ஆகிறது. அதற்காக உங்கள் சபையின் மாதப் பத்திரிகையில் என்னைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகை கோபன்ஹேகனுக்கு வந்து சேர ஐந்து வாரம் பிடித்தது. படித்து முடிக்க ஐந்து நிமிஷம். கோபம் இன்னும் இறங்கவில்லை.

டென்மார்க் தேசத்து ராஜா முன்னால் பியானோ வாசித்தேன் என்று போட்டிருக்கிறீர்கள். வாசிக்கவில்லை. ஒரு தடவை அரண்மனையிலிருந்து யாரோ வருவதாகச் சொல்லி முன்வரிசையில் நான்கு நாற்காலி போட்டு வைத்தார்கள். கச்சேரி முடியும்வரை நான்கும் காலியாகத்தான் இருந்தன. பனியில் வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் போகிறேன் என்று போட்டிருக்கிறீர்கள். டிராமில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை டிராம் தாமதமானால் நடந்து போகிறேன்.

இதெல்லாம் போகட்டும். இரண்டு வரிகளை மட்டும் என்னால் விட முடியாது. நம் மிஷன் பள்ளிக்கூடத்துப் பியானோவை, டென்மார்க்கிலிருந்து வந்து அதை நடத்திய மிஸ்ஸியம்மாள் தம் கையாலேயே பழுது பார்த்தார் என்பது ஒன்று. நான் 'ஆம்பூரின் பிரபல தோல் வியாபாரியின் குமாரத்தி' என்பது இன்னொன்று.

என் தகப்பனார் பெயர் மாசிலாமணி. நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோலில் மயிர் சுரண்டுகிறவர். அறுபது வயதுக்கு மேல் ஆகியும் இன்றைக்கும் இறங்குகிறார். உங்களில் பாதிப் பேர் அவரோடுதான் வேலை செய்கிறீர்கள். இது உங்களுக்கே தெரியும். தெரிந்துதான் சிரித்திருக்கிறீர்கள்.

சிரித்த விவரம் என் தம்பி யோபு எழுதித்தான் எனக்குத் தெரியும். அவன் பேசுகிற மாதிரியே எழுதுவான். அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"அக்கா, ஆராதனை முடிஞ்சி உபதேசியாரு உன்னப் பத்தி வந்தத படிச்சாரு. நைனா முன்னாடி பாயில உக்காந்துகினு இருந்தாரு. பிரபல தோல் வியாபாரின்னு படிச்சாரா, பின்னாலருந்து ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சிட்டான். அப்புறம் எல்லாரும். நைனா என்னப் பாத்து, 'யார்ரா அது வியாபாரி?'ன்னு கேட்டாரு. நான் இன்னா சொல்ல? மறுநாள் டேனரில கால வெக்கறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டானுங்க. 'இன்னா சேட்டு, மண்டி தொறக்கலியா?'ங்கறான் ஒருத்தன். குழிக்குள்ள நிக்கறவரப் பாத்து, 'மொதலாளி, கோட்டு நனையப் போவுது'ங்கறான் இன்னொருத்தன். ரொம்ப பேஜாரு பண்றானுங்க. நைனா இப்ப மூணு வாரமா கோயிலுக்கும் வர்றதில்ல.

"இன்னொண்ணு. பள்ளிக்கூடத்து பியானோவ ரிப்பேர் பண்றாங்க. உன் ஞாபகார்த்தமாம். மெட்ராஸ்லருந்து ஆளு வந்து கம்பளி ஒட்றான். நைனா ஒட்டின தோல எல்லாம் உரிச்சி மாட்டுக்கொட்டாய்கிட்ட கடாசிட்டான். நைனா போய் எல்லாத்தையும் பொறுக்கிகினு வந்துட்டாரு. எண்பத்தஞ்சும் இருக்குது, நானே எண்ணிப் பொட்டில வெச்சேன். நைனாதான் மேல துணி போட்டுத் தெச்சாரு. 'அவ வாசிச்ச தோலு, அவகிட்டயே இருக்கட்டும். எனக்கு எதுக்கு? நான்தான் வியாபாரி ஆய்ட்டேனே'ன்னாரு. இனிமே நீ கடுதாசி போட்டா படிச்சிக் காட்ட வேணாம்னும் சொல்லிட்டாரு."

நான் உயிரோடிருக்கும்போது எதற்கு ஞாபகார்த்தம் என்று உங்களைப் பிறகு கேட்கிறேன். என் கடிதத்தை நைனா கேட்க மாட்டேன் என்றுவிட்டார். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

2

பியானோவின் கதையை ஒரு முறையாவது சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

பியானோ என்றால் உள்ளே கம்பிகள். வெளியே ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன மரச் சுத்தியல் போய்க் கம்பியை அடிக்கும். அந்தச் சுத்தியலின் தலையில் கெட்டியாக அமுக்கிய கம்பளி ஒட்டியிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பியானோ டென்மார்க்கிலிருந்து வந்தது. ஆம்பூர் ஸ்டேஷனில் இறக்கி மாட்டுவண்டியில் கொண்டு வந்தார்கள். இரண்டு மழைக்காலத்துக்குள் பூச்சி அந்தக் கம்பளியைத் தின்று தீர்த்துவிட்டது. கட்டையை அழுத்தினால் மரம் கம்பியில் மோதும் சத்தம்தான் வரும். மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டதற்கு, வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

நான் அப்போது அங்கே போர்டிங் பிள்ளை. அன்றைக்குப் பெருக்குகிற முறை என்னுடையது. கிணற்றுச் சாலின் தோல் பை கிழிந்துபோனதால் அதைத் தைத்துக் கொடுக்க நைனா வந்திருந்தார். மிஸ்ஸியம்மாள் பியானோவின் முன்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்.

நைனா ஜன்னல் வழியாக என்னைக் கேட்டார். "இன்னாத்துக்கும்மே அழுவுது அந்தம்மா?"

"சுத்தியல பூச்சி தின்னுட்ச்சி நைனா."

"கம்பளில சுத்தியல் பண்ணா பூச்சி திங்காம இன்னா பண்ணும்? எந்த மடையன் பண்ணான் இத?"

அந்த மடையனின் ஊரில்தான் நான் இப்போது குடியிருக்கிறேன்.

நைனா பத்துப் பத்தாகச் சுத்தியல்களைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போனார். ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணின ஆட்டுத்தோல், அதைச் சீவி, மூன்று மடிப்பாக வச்சிரப் பசையில் ஒட்டினார். எது எந்த இடத்துச் சுத்தியல் என்று மாறிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் கத்தியால் வெட்டு வைத்தார். டேனரியில் தோலுக்கு அடையாளம் வைக்கிற அதே வெட்டு. இரண்டு மாத வேலை. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு தப்பு பண்ணினார். சுத்தியல் என்றால் கெட்டியாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து, செருப்பின் அடித்தோலை அடிக்கிற மாதிரி அதையும் அடித்து இறுக்கிவிட்டார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பிறகு மிஸ்ஸியம்மாள் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாசித்தார். பூவரச மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. தகர டப்பாவைக் கல்லால் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

நைனாவுக்கு ஒரே சந்தோஷம். "எப்பிடி கீது? இப்ப ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும்."

மிஸ்ஸியம்மாளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அதற்குப் பிறகு அவர் அந்தப் பியானோவைத் தொடுவது அபூர்வம். கோடும் புள்ளியும் போட்ட இசைப் புத்தகத்தைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். மத்தியானம் அவர் அடுத்த அறையில் தூங்குகிற ஒரு மணி நேரம் நான் வாசிக்கலாம். அவர் விழித்துக்கொண்டால் அன்றோடு சரி.

ஸ்டேஷன்வரை கேட்கிற பியானோவை, அடுத்த அறையில் தூங்குகிறவருக்குக் கேட்காமல் வாசிக்க வேண்டும். முதல் வாரம் மூன்று தடவை விழித்துக்கொண்டார். பிறகு நான் கண்டுபிடித்தேன். கட்டையை அடிக்கக் கூடாது. அமுக்கவும் கூடாது. அந்தத் தோல் கம்பியைத் தொட்டதும் தெரியாமல் திரும்பி வந்துவிட வேண்டும். விரல் நுனியில் அதற்கு ஒரு அளவு இருக்கிறது. மயிரிழை கூடினால் கத்தும், மயிரிழை குறைந்தால் வாய் திறக்காது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் அந்தப் பியானோ பாடும். ஏழு வருஷம் தினமும் அந்த ஒரு மணி நேரம் அந்த இடத்தைத் தேடினேன். தேடத் தொடங்கியது நடுவில் இருக்கிற நாற்பத்தோராவது கட்டையில். அது படிந்து, நைனாவிடமும் அதைச் சொன்ன பிறகுதான் அக்கம்பக்கத்துக் கட்டைகளுக்குப் போனேன்.

என் கலை என்று நீங்கள் எழுதியிருப்பது இதுதான். இதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

3

மிஸ்ஸியம்மாள் தம் ஊரான டென்மார்க்குக்குத் திரும்பியபோது, கப்பலில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டி வந்தார். இங்கே சங்கீதப் பள்ளியில் பரீட்சைக்கு உட்காரவைத்தார். முதன்முதலாகக் கம்பளிச் சுத்தியல் வைத்த பியானோவில் விரலை வைத்தேன். தோலுக்குப் பழகிய விரல் அது. ஒரு சத்தமும் வரவில்லை. பரீட்சை வைக்கிற கிழவர், "என்ன, தூசி துடைக்கிறாயா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் அழுத்தினேன். கிழவர் எழுந்து நாற்காலியைப் பியானோவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முடிந்ததும் பள்ளிப் பதிவில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் என்ன செய்தேன் என்றால், உட்கார்ந்தேன். காலையில் நான்கு மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். குளிரில் விரல் விறைக்கும். வெந்நீரில் கையை விட்டுத் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். இவ்வளவு மெதுவாக வாசிப்பதற்கே இடி. கச்சேரிக்கு ரயிலிலும் படகிலும் ஊர் ஊராகப் போக வேண்டும். வயலின்காரன் தன் வயலினைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான். பியானோக்காரிக்கு அந்தந்த ஊரில் என்ன வைத்திருக்கிறார்களோ அதுதான். ஒரு ஊரில் மிதிகட்டை ஒடிந்திருக்கும். ஒரு ஊரில் பாதிக் கட்டை எழும்பாது. அரை மணி நேரத்துக்குள் அதன் குணத்தைக் கண்டுபிடித்து அதோடு சமாதானம் பண்ணிக்கொள்ள வேண்டும். வந்தவர்களுக்கு அது தெரியக் கூடாது.

பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். 'கீழ்த்திசையின் மௌனம்' என்பார்கள். 'தாமரை இதழில் பனித்துளி விழுவதுபோல' என்பார்கள். அடித்தோல், ஐயா, அடித்தோல்! இதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

கச்சேரி ஏற்பாடு செய்கிற ஏஜெண்டு ஒருவர் உண்டு. பட்டுப்புடவை கட்டச் சொன்னார், கட்டினேன். நெற்றிப்பொட்டு வைக்கச் சொன்னார், நான் கிறிஸ்தவள் என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றார். கொலுசு போடச் சொன்னார். கொலுசைப் போட்டுக்கொண்டு மிதிகட்டையை மிதித்தால் மாட்டுவண்டி வருகிற மாதிரி இருக்கும் என்று செய்து காட்டினேன். அதை மட்டும் விட்டார்.

இங்கேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரு மகள். ஞானஸ்நானப் பெயர் கிருபை. பள்ளிக்கூடத்தில் அவளாகவே இங்கர் என்று வைத்துக்கொண்டாள். கிருபை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினான்கு வயதாகிறது. தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் ஆறு திட்டு. என்னை அம்மா என்று சொல்வதில்லை. இந்த ஊர் வழக்கப்படி 'மோர்' என்பாள். அம்மாவுக்கு இவர்கள் பாஷையில் அதுதான் சொல். பதினான்கு வருஷமாகக் கேட்கிறேன், இன்னமும் எனக்குப் பானைதான் ஞாபகம் வருகிறது.

4

வியாபாரி எங்கிருந்து வந்தார் என்று சொல்கிறேன். உங்கள் பத்திரிகையைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். யார் கட்டிவிட்ட பொய் இது என்று தேடிக்கொண்டு போனேன். தேடிப் போனால் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

முதல் பெரிய கச்சேரிக்கு முன்னால் ஏஜெண்டு, கேட்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கச்சேரித் தாளில் போட, என்னைப் பற்றிப் பத்து வரி எழுத உட்கார்ந்தார். அப்பாவுக்கு என்ன தொழில் என்றார். தோல் என்றேன். தோல் வியாபாரமா என்றார். நான் பதில் சொல்லவில்லை. அச்சுக்குப் போகுமுன் தாளை என்னிடம் கொடுத்து, தப்பு இருந்தால் அடித்துவிடு என்று பென்சிலும் கொடுத்தார். 'பிரபல தோல் வியாபாரியின் மகள்' என்று இருந்தது. என் பெயரில் ஒரு எழுத்துத் தப்பு இருந்தது. அதை மட்டும் திருத்தினேன்.

ஆம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால் தள்ளி உட்கார்கிறவர்கள் உண்டு. டேனரி வாசனை என்பார்கள். வாசனையை மட்டும்தான் சொன்னார்கள் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. இந்த ஊரில் என்னை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பிறகு அது தானாக வளர்ந்தது. வேறு தேசத்துக்காரி என்று போலீஸ் பதிவேட்டில் பெயர் எழுதும்போது தகப்பன் தொழில் கேட்டார்கள். என் புருஷன் கச்சேரித் தாளைப் பார்த்து எழுதிவிட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் தன் தாத்தாவின் தோல் மூட்டைகளை யானைகள் சுமப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். யாரோ அந்தக் கச்சேரித் தாளை ஆம்பூருக்கு அனுப்ப, உங்கள் பத்திராதிபர் அதைத் தமிழாக்கி, உபதேசியார் அதைப் படிக்க, நைனா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

5

பெட்டி வந்துவிட்டது என்று சுங்கச் சாவடியிலிருந்து சீட்டு வந்தது. தொழில் சம்பந்தமான வார்த்தைகள் எனக்கு இந்தப் பாஷையில் வராது என்பதால் மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே பேசியதை நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்குத் தானாக வருகிற பேச்சு அது ஒன்றுதான்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி. துணித் தையலைப் பிரித்துப் பெட்டியைத் திறந்தார். ஆவாரம்பட்டை வாடை குப்பென்று வந்தது. பின்னால் வரிசையில் நின்ற இருவர் விலகி நின்றார்கள்.

"இன்னா இது?"

"பியானோ சுத்தியல் தோல்."

"பியானோ சுத்தியல்ல கம்பளிதான் இருக்கும்."

"இது தோல்."

"பியானோ எங்க?"

"ஆம்பூர்ல."

"பியானோ அங்க, தோலு இங்க. எதுக்கு?"

கேட்டுக்கொண்டே அவர் துண்டுகளை எண்ண ஆரம்பித்தார். இந்த ஊரில் எண்பத்து நான்கு என்பதை 'நாலும், நாலு இருபதும்' என்கிற மாதிரி சொல்வார்கள். இருபது வருஷமாகியும் எனக்கு அதைக் கேட்டால் வயிற்றெரிச்சல்தான். அந்த எண்ணில் நிறுத்தினார்.

"சீட்டுல எண்பத்தஞ்சு போட்டிருக்குது. ஒண்ணு கம்மி."

மறுபடி எண்ணினார். எண்பத்து நான்குதான். அதற்கு ஒரு மஞ்சள் பாரத் தாள் எடுத்தார். பிறகு போலீஸில் கொடுத்த என் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"உங்க அப்பாரு தோல் வியாபாரி. அனுப்பிச்சது தோலு. அப்ப இது சாம்பிள் சரக்கு. லைசென்ஸ் இருக்குதா?"

"சரக்கு இல்ல. பழசு. பாருங்க," என்று ஒரு துண்டை எடுத்துக் காட்டினேன். தோலின் மேல் மூன்று கோடு பள்ளமாக விழுந்திருந்தது. மூன்று கம்பி அடித்த தடம். தடித்த சத்தத்துச் சுத்தியலில் இரண்டு கோடு. இடது கோடிக் கட்டைகளில் ஒற்றைக் கோடு. "இது எல்லாம் நான் வாசிச்சு விழுந்த தடம்."

"பழைய தோலா? அப்ப மிருக வைத்தியரு கையெழுத்து வேணும்."

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு அந்த ஆடு செத்து!"

அவ்வளவு ஆகவில்லை. கோபத்தில் சொன்னேன். அவர் பாரத்தில் 'நாற்பது' என்று எழுதிக்கொண்டார்.

"லைசென்ஸ் இல்லாத சரக்க வெச்சிக்க முடியாது. அனுப்பின விலாசத்துக்கே திரும்பிப் பூடும்."

 பெட்டி ஆம்பூருக்குத் திரும்பிப் போனால் நைனா என்ன நினைப்பார்? அவர் பொறுக்கி எடுத்து அனுப்பியதை மகள் வேண்டாம் என்று திருப்பிவிட்டாள் என்றுதான் நினைப்பார். அதற்குப் பிறகு நான் எழுத ஒன்றும் இருக்காது.

அதிகாரி அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க கச்சேரிக்கு வந்திருக்கேன். எவ்ளோ மெதுவா வாசிக்கிறீங்க! அந்தத் தாள்லகூட போட்டிருந்துச்சே, தோல் வியாபாரி பொண்ணுன்னு. என் பொஞ்சாதி பத்திரமா வெச்சிருக்கா."

"அது பொய்," என்றேன்.

"இன்னாது?"

"அவரு வியாபாரி இல்ல. கூலிக்காரரு. குழில எறங்கி..." சுண்ணாம்புக் குழிக்கு இந்த ஊர் வார்த்தை எனக்குத் தெரியவில்லை. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைக் கரைத்த பள்ளம் என்று மகளிடம் இவர்கள் பாஷையில் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் முகம் சிவந்துபோய் நின்றாள்.

"சொல்லு அவருகிட்ட. உங்க தாத்தா சுண்ணாம்புக் குழியில இடுப்பளவு நின்னு செத்த ஆட்டுத் தோல்ல மயிர் சுரண்டறாரு."

"எல்லாருக்கும் கேக்குது, மோர்."

"கேக்கட்டும். சத்தமா சொல்லு."

அவள் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.  சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப பதிவேட்டுல இருக்கறது யாரு சொன்ன பொய்?"

"நான் சொன்னது."

அவர் சாம்பிள் பாரத்தைக் கிழித்துப் போட்டார். சொந்தக்காரர் அனுப்பிய சொந்தச் சாமான் என்று வேறு பாரம் எழுதினார். ஒரு வாரத்துக்குள் போலீஸில் போய்த் தொழிலைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, பெட்டியை என் பக்கம் தள்ளினார். குறைந்த ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் பாரத்தில் கையெழுத்து வாங்கினார்.

டிராமில் மகள் என் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தாள். பிறகு, "ஏன் பொய் சொன்னே?" என்றாள்.  கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் தன் மடியில் வாங்கி, மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். நாறுகிறது என்றாள். ஆனால் வீடு வந்து சேரும்வரை மூடவில்லை.

6

போலீஸ் அலுவலகத்தில் இரண்டு நாள் போயிற்று. தோல் பதனிடுகிறவர் என்று எழுதினால் அதற்குச் சங்கத்துச் சான்றிதழ் வேண்டுமாம். சான்றிதழ் இல்லாவிட்டால் பண்ணையாள் என்று போடட்டுமா என்றான் குமாஸ்தா. பண்ணை எங்களிடம் இருந்ததும் இல்லை, நாங்கள் பண்ணையில் இருந்ததும் இல்லை என்றேன். கடைசியில் 'தொழிலாளி' என்று எழுதி முத்திரை குத்தினான்.

ஏஜெண்டிடம் போனேன். கச்சேரித் தாளில் அந்த வரியை மாற்ற வேண்டும் என்றேன். "டேனரியா? முன்வரிசை சீமாட்டிங்க மூக்கப் பொத்திக்குவாங்க," என்றார். காதைப் பொத்திக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றேன். இருபது வருஷமாகக் கட்டிய பெயர் போய்விடும் என்றார். அந்தப் பெயரில் பாதி அவர் வைத்தது, போனால் எனக்கு நஷ்டமில்லை என்றேன். மாற்றாவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்றதும் மாற்றினார்.

போன சனிக்கிழமை கச்சேரி. தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இப்படி இருக்கிறது: 'இவர் தகப்பனார் மாசிலாமணி, ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளி. இவர் கற்றுக்கொண்ட பியானோவின் சுத்தியல்களுக்குத் தோல் போட்டவர் அவரே.' வழக்கமாக வருகிறவர்களில் சிலர் வரவில்லை. வந்தவர்கள் வழக்கம்போலக் கை தட்டினார்கள். மறுநாள் இந்த ஊர்ப் பத்திரிகைக்காரன் மறுபடியும் 'கீழ்த்திசையின் மௌனம்' என்றே எழுதியிருக்கிறான். இவர்களை என்னால் திருத்த முடியாது.

வீட்டில் துண்டுகளை வெட்டு அடையாளம் பார்த்துப் பியானோவின் மேல் வரிசையாக அடுக்கினேன். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். வெட்டுகளை எண்ண ஒரு தடவை சொல்லிக் கொடுத்ததும் என்னைவிட வேகமாக எண்ணினாள். எண்பத்து நான்கும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. எது குறைகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பத்தோராவது.

யோபு எண்பத்தைந்தையும் எண்ணி வைத்திருக்கிறான். சுங்கச் சாவடியில் பிரிக்கும்வரை தையல் பிரியவில்லை, நானே பார்த்தேன். மேல்துணி தைத்தது நைனா. அந்த ஒன்றை வழியில் யாரும் எடுக்கவில்லை.

பத்திராதிபருக்கு இரண்டு காரியம் சொல்கிறேன். உங்கள் ஒன்றரைப் பக்கத்தில் தப்பாக வந்ததற்கு நான்தான் காரணம். உங்கள் மேல் பட்ட கோபத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது, இதைக் கோயிலில் படிக்க வேண்டாம். அவர் அங்கே வருவதில்லை. டேனரியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் குழியை விட்டு ஏறி உட்காருகிற நேரத்தில், சேட்டு என்றும் மொதலாளி என்றும் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் இருக்கும்போது யோபு படிக்கட்டும். கடுதாசியைத்தான் படிக்கக் கூடாது என்றார், பத்திரிகையைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எழுந்து போகப் பார்த்தால், மகள் எழுதியது இல்லை, பொய் சொன்னவள் எழுதியது என்று சொல்லி உட்கார வையுங்கள்.

நைனா, நாற்பத்தோராவது உன்னிடம்தான் இருக்கிறது. அதை அனுப்பாதே, வைத்துக்கொள்.

நைனாவுக்கு இப்போது காது மந்தம் என்று கேள்விப்பட்டேன். யோபு, சத்தமாகப் படி. மெதுவாக வாசிக்கிற வேலை என்னோடு போகட்டும்.